ரூஃப் லைனிங் தொங்குதா? பசை வாங்குறதுக்கு முன்னாடி இத படிச்சிடுங்க

பத்து பதினஞ்சு வருஷமா வெயில்லயே நின்ன கார்ல ரூஃப் துணி மெதுவா எறங்க ஆரம்பிக்கும். மொதல்ல ரூம் லைட்ட சுத்தி சின்னதா ஒரு உப்பல், அப்புறம் பின் கண்ணாடி ஓரம், ஒரு கோடை போச்சுன்னா பின்சீட்ல உக்காருறவங்க தலைய உரசும், மிரர்ல பின்னாடி வர்ற லாரி கூட தெரியாது. உடனே முக்கால்வாசி பேரு பண்றது, பசைய சிரிஞ்சுல ஏத்தி துணிக்குள்ள அடிச்சு கையால தேச்சு விடுறது. கொஞ்ச நாள் நிக்கும், அப்புறம் அதே இடத்துல மறுபடி கழண்டு வரும், கூடவே பசை ஊறி திட்டுத்திட்டா கறை வேற.

ஏன் நிக்க மாட்டேங்குதுன்னா, பசை போய் ஒட்டுறதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல. லைனிங்ல மூணு அடுக்கு இருக்கு: மேல தகரத்த ஒட்டி அச்சுல வார்த்த ஒரு அட்டை, அதுக்குக் கீழ மூணு மில்லிமீட்டர் கனத்துல ஃபோம், அதோட சேத்து ஒட்டின துணி. சூடும் ஈரப்பதமும் வருஷக்கணக்கா பட்டுப்பட்டு அந்த ஃபோம் மக்கி பொடியாயிடும். தொங்குற எடத்துல விரல வச்சு தேச்சுப் பாருங்க, மஞ்சளாவோ பழுப்பாவோ பிசுபிசுன்னு மாவு மாதிரி உதிர்ந்தா ஃபோம் கதை முடிஞ்சுது. பொடி மேல எந்தப் பசைய போட்டாலும் அது பொடியோடதான் ஒட்டும். அதனால இந்த வேலையில பாதி நேரம் சுரண்டுறதுதான், அத செய்ய மனசில்லன்னா ஆரம்பிக்கவே வேணாம், கடையில கொடுத்துடுங்க. கடையிலயும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க, "அட்டைய வெளிய எடுத்து பழைய ஃபோம சுரண்டிட்டு ஒட்டுவீங்களா?" அப்படின்னு. "அதெல்லாம் வேணாம் சார், வண்டியிலயே வச்சு மேல ஒட்டிடலாம்"னு சொன்னா கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

வண்டிய விக்கப்போறீங்க, இல்ல ஊருக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் ஓட்டணும்னா, குஷன் கடையில சுருள் முனை பின் கிடைக்கும், அத திருகி விட்டா போதும். அசிங்கமா இருக்கும், ஆனா வேலை நடக்கும்.

நான் இங்க சொல்றது ஃபோர்டு ஐகான், ஹூண்டாய் ஆக்சென்ட், பழைய ஹோண்டா சிட்டி மாதிரி அட்டை லைனிங் இருக்குற வண்டிக்கு. அம்பாசடர், பத்மினி மாதிரி கம்பியில கோத்து இழுத்துக் கட்டின லைனிங் வேற ஜாதி, அதுக்கு தையல் வேலை தெரிஞ்ச ஆள்தான் சரி. இன்னொண்ணு, கண்ணாடிக்கு மேல ஓரத்துலயோ பில்லர் (கண்ணாடிங்களுக்கு நடுவுல ரூஃப தாங்குற தூண்) பிளாஸ்டிக்லயோ ஏர்பேக்னு எழுதியிருந்தா உள்ள கர்ட்டன் ஏர்பேக் (பக்கவாட்டு கண்ணாடிய மறைச்சு திரை மாதிரி விரியுற ஏர்பேக்) இருக்கு, அந்த வண்டிய வீட்ல பிரிக்காதீங்க, தெரிஞ்ச மெக்கானிக்க வச்சே எடுங்க.

பிரிக்கிறதுக்கு முன்னாடி தண்ணி கறை இருக்கான்னு பாருங்க. பழுப்பு வளையம் தெரிஞ்சா ஆன்டெனா அடி ரப்பரோ, முன் கண்ணாடி சீலன்ட்டோ, சன்ரூஃப் இருந்தா அதோட வடிகால் குழாயோ ஒழுகுது. அத அடைக்காம புதுத் துணி போட்டா ஒரு மழையில காசு போச்சு.

இப்ப கழட்டுறது. பேட்டரி நெகட்டிவ் வயர எடுத்துடுங்க. சன் வைசர், அதோட கொக்கி, கைப்பிடிங்க (ஸ்க்ரூ சின்ன மூடிக்குள்ள ஒளிஞ்சிருக்கும்), ரூம் லைட், அப்புறம் பில்லர் பிளாஸ்டிக், கதவு ரப்பர் பீடிங், கடைசியா பின்னாடி கிளிப்புங்க. ஒவ்வொண்ணையும் எடுக்கும்போதே போன்ல ஒரு போட்டோ, ஸ்க்ரூவ தனித்தனி கவர்ல போட்டு பேர் எழுதிடுங்க. பழைய பிளாஸ்டிக் கிளிப் தொட்டாலே ஒடியும், அதனால நாலஞ்சு எக்ஸ்ட்ரா முன்கூட்டியே வாங்கி வச்சுக்கோங்க, சென்னைன்னா புதுப்பேட்டை, ஜிபி ரோடு பக்கம் கேட்டுப் பாக்கலாம். கடைசி கிளிப்ப எடுக்கும்போது கீழ ஒருத்தர் அட்டைய தாங்கிப் பிடிச்சிருக்கணும், ஒத்த ஆளா பண்ணாதீங்க. ஹேட்ச்பேக்னா டிக்கி வழியா வந்துடும். செடான்னா முன் சீட்ட முழுசா சாய்ச்சு, தேவைப்பட்டா சீட்டையே கழட்டிட்டு, முன் கதவு வழியா கொஞ்சம் கொஞ்சமா திருப்பி எடுக்கணும். இங்க அவசரப்பட்டு அட்டைய மடக்கிட்டா அந்த மடிப்பு புதுத் துணியிலயும் கோடா தெரியும், அப்புறம் அது போகவே போகாது.

அட்டைய மொட்டை மாடிக்கு எடுத்துட்டுப் போங்க, வீட்டுக்குள்ள வேணாம், பொடி ஒரு மாசத்துக்கு மூலைமூலையா இருக்கும். மாஸ்க், முழுக்கை சட்டை கட்டாயம், சில அட்டையில ஃபைபர் கிளாஸ் இருக்கும், கையில பட்டா ராத்திரி பூரா அரிக்கும். துணிய ஓரத்துலேர்ந்து இழுத்தா உரிஞ்சு வந்துடும், மிச்சம் இருக்குற ஃபோம நைலான் பிரஷ்ஷால ஒரே திசையில தேய்ங்க. கம்பி பிரஷ் அட்டைய கிழிச்சிடும், பெட்ரோல் போட்டு துடைக்கிற பழக்கமும் வேணாம். உள்ளங்கைய வச்சு தடவினா பொடி ஒட்டக்கூடாது, அதுதான் அளவு. ஓரத்துல அட்டை விரிசல் விட்டிருந்தா பின்பக்கமா ஒரு துண்டு துணிய பசை போட்டு ஒட்டி காய விடுங்க.

துணி விஷயத்துல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. ஃபோம் ஏற்கனவே ஒட்டி வர்ற ரூஃப் லைனிங் துணிதான் வேணும், வெறும் துணி போட்டா பசை வெளிய ஊறும், அட்டையோட மேடுபள்ளமெல்லாம் தெரியும். ரெக்சின் வெயிட் ஜாஸ்தி, வளைவுல இழுபடாது. அட்டைய அளந்து நாலு பக்கமும் ஒரு பத்து பதினஞ்சு சென்டிமீட்டர் கூடுதலா வெட்டுங்க.

பசைன்னா சூடு தாங்குற கான்டாக்ட் அட்ஹெசிவ் (ரெண்டு பக்கமும் தடவி, லேசா காய விட்டு ஒட்டுற பசை), ஃபெவிகால் எஸ்ஆர் 998 வகை, இல்லன்னா ரூஃப் லைனிங்குக்குன்னே வர்ற ஸ்ப்ரே. வெள்ளை ஃபெவிகால் கூடவே கூடாது, வெயில்ல நிக்கிற வண்டிக்குள்ள அது இளகிடும். சாதா ஸ்ப்ரே பசையும் அப்படித்தான், டப்பாவுல சூடு தாங்கும்னு போட்டிருக்கான்னு பாத்து வாங்குங்க. பிரஷ்ல தடவினா கட்டி கட்டியா நிக்கும், பெயின்டர் ஸ்ப்ரே கன் கிடைச்சா அதுல அடிக்கிறதுதான் சுத்தம். பக்கத்துல கொசுவத்தி, விளக்கு, பீடி எதுவும் இருக்கக்கூடாது, ஆவி குப்புனு பத்திக்கும். மழை நாள்லயும் இந்த வேலை வேணாம், பசை காயும்போது மேல ஈரம் படிஞ்சு பிடிப்பே இல்லாம போயிடும். நல்ல வெயில் நாள்ல காலைல நிழல்ல பண்ணுங்க.

துணிய அட்டை மேல விரிச்சு சரியா வச்சுட்டு, பாதிய மட்டும் மடிச்சுப் போடுங்க. அந்தப் பாதியில அட்டைக்கும் ஃபோமுக்கும் ரெண்டுக்குமே மெல்லிசா ஒரு கோட், ஃபோம் பக்கம் ரொம்ப அடிச்சா ஃபோமே கரைஞ்சிடும். விரல் முதுகால தொட்டா நூல் இழுக்காம லேசா பிசுக்குன்னு இருக்கணும், அது வரைக்கும் பொறுங்க, ஈரத்தோட ஒட்டுனீங்கன்னா கண்டிப்பா உப்பும். அப்புறம் நடுவுலேர்ந்து ஓரத்துக்கு உள்ளங்கையால தடவிக்கிட்டே போங்க. ரூம் லைட் குழி, வைசர் பள்ளம் வர்ற எடத்துல மொதல்ல துணிய பள்ளத்துக்குள்ள இறக்கி ஒட்டிட்டு அப்புறம் மேல போகணும், மேல இழுத்து ஒட்டிட்டு பள்ளத்துல அமுக்கினா அடுத்த கோடையில அந்த எடம்தான் மொதல்ல கழண்டு வரும். கட்டை விரலால அமுக்காதீங்க, ஃபோம்ல குழி நின்னுடும். சுருக்கம் விழுந்தா அந்த நொடியே தூக்கி சரி பண்ணுங்க, அஞ்சு நிமிஷம் கழிச்சு தூக்கினா ஃபோம் துணிய விட்டு பிஞ்சு வரும். ஒரு பாதி முடிஞ்சதும் அடுத்த பாதி. ஓரத்த மூணு நாலு சென்டிமீட்டர் விட்டு வெட்டி பின்பக்கம் மடிச்சு ஒட்டுங்க, லைட், ஸ்க்ரூ ஓட்டைங்க மேல இருக்குற துணிய ஒரு ராத்திரி காஞ்ச அப்புறம் பெருக்கல் குறி மாதிரி சின்னதா கீறினா போதும்.

அது காயுற நேரத்துல வண்டி ரூஃப் தகரம் திறந்துதான் கிடக்கும், துரு இருந்தா சுரண்டி ப்ரைமர் அடிங்க. டேம்பிங் ஷீட் (தகரத்தோட அதிர்வு, சத்தத்த கொறைக்கிற ஷீட்) ஒட்டணும்னு ஆசை இருந்தாலும் இதுதான் நேரம், மெல்லிசா போடுங்க, கனமா போட்டா அட்டை திரும்ப உக்காராது.

மாட்டும்போது கைய கழுவிட்டு தொடுங்க, வெளிர் கலர் துணியில கிரீஸ் கறை போகாது. மொதல்ல ரூம் லைட் வயர வெளிய இழுத்துட்டு அட்டையோட நடுவ ஒருத்தர தாங்கிப் பிடிக்க விட்டு, வைசர், கைப்பிடி எல்லாத்தையும் லூசா மாட்டி, அட்டை சரியா உக்காந்ததும் டைட் பண்ணி, கடைசியா பில்லர், பீடிங். பில்லர மூடுறதுக்கு முன்னாடி பேட்டரிய மாட்டி லைட் எரியுதான்னு ஒரு தடவ பாத்துக்கோங்க. ரெண்டு மூணு நாள் வண்டிய வெயில்ல நிறுத்தாம, கண்ணாடிய ஒரு விரல் அளவு இறக்கி வச்சா பசை நாத்தமும் போயிடும்.