கம்பி போட்ட பல்லுக்கு: இனிப்பெல்லாம் சாப்பாட்டோடு மட்டும்

பல்லுக்குக் கம்பி போட்ட பிள்ளைக்கு ஐஸ்கிரீம், பிஸ்கட், சீனித் தேத்தண்ணி எதுவானாலும் சாப்பாட்டோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள். இடையில் வெறும் தண்ணீர்தான். பின்னேரம் டச்பே கடற்கரைக்குப் போகும்போதும் ஒரு தண்ணீர்ப் போத்தல் கையில் இருக்கட்டும்.

சீனி படும் ஒவ்வொரு தடவையும் வாய்க் கிருமிகள் அமிலம் உண்டாக்கும். எச்சில் அதைத் தணிக்க அரை மணி நேரமாவது ஆகும். கம்பியைச் சுற்றி உணவு ஒட்டிக்கொள்வதால் பல் சொத்தையின் ஆரம்ப அடையாளமான வெள்ளைப் புள்ளி முதலில் விழுவதும் அங்கேதான். இதே பழக்கம் உடல் எடை ஏறாமலும் உதவும். எடை கூடிய பிள்ளைகளுக்கு முரசு (ஈறு) வீக்கம் வரும் வாய்ப்பும் கூட, அவர்களுக்கு இது கட்டாயம் வேண்டும்.

இன்சுலின் போடும் பிள்ளைகளுக்கு இது பொருந்தாது. இரத்தத்தில் சீனி குறைந்தால் நேரம் பார்க்காமல் உடனே இனிப்புக் கொடுங்கள்.