லத்தியைப் பார்த்துத் தீனி போடுங்கள்

காலையில் லாயத்துக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்ப்பது குதிரையின் முகத்தை அல்ல, தரையில் கிடக்கும் லத்தியை, அதாவது அதன் சாணத்தை. வளர்ந்த குதிரை ஒரு நாளைக்கு எட்டுப் பத்துத் தடவை லத்தி போடும். மொத்தம் 20 கிலோவுக்கு மேல் சேரும். உருண்டைகள் கீழே விழுந்ததும் லேசாக உடைய வேண்டும். சின்னதாக, கெட்டியாக, சளி படர்ந்து கிடந்தால் தண்ணீர் போதவில்லையா என்று பாருங்கள். புல் நார் நீளநீளமாக அப்படியே தெரிந்தால் பல்லில் கோளாறு இருக்கலாம். பாதி நாள் லத்தியே இல்லையென்றால் யோசிக்க வேண்டாம், மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

சரி, எவ்வளவு போடுவது? முதலில் குதிரையின் எடை தெரிய வேண்டும். தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி அளந்து, அதை அதாலேயே பெருக்குங்கள். தோள் முனையிலிருந்து புட்ட முனை வரையுள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,880ஆல் வகுங்கள். அளவெல்லாம் சென்டிமீட்டரில். சுற்றளவு 180, நீளம் 160 என்றால் எடை ஏறக்குறைய 436 கிலோ. அதில் 2 சதவீதம், அதாவது 9 கிலோவுக்குச் சற்றுக் குறைவான உலர்புல், ஒரு நாள் தீனி. மெலிய வேண்டிய குதிரைக்கும் 1.5 சதவீதத்துக்குக் கீழே இறக்காதீர்கள்.

புல்லைக் கண் அளவில் போடாதீர்கள். நானும் என் உதவியாளரும் ஒரே வலைப்பையை ஆளுக்கொரு முறை நிரப்பித் தொங்கு தராசில் மாட்டினோம். இரண்டு கிலோ வித்தியாசம்! இத்தனைக்கும் இருவரும் 'ரொம்ப அனுபவசாலிகள்'.

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும் குதிரை என்பார்கள். திறக்கட்டும், நீங்கள் கையை அடக்குங்கள். அதன் வயிறு சின்னது, அமிலம் மட்டும் ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கும். மணிக்கணக்கில் புல் இல்லாமல் நின்றால் புண் வரும். தானியத்தை ஒரேயடியாகக் கொட்டினால், செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து, வயிற்று வலியில் தொடங்கிக் குளம்பு அழற்சி வரை இழுத்துவிடும். வேலை குறைந்த குதிரைக்கு நல்ல புல்லும் தாது உப்பும் இருந்தால் பெரும்பாலும் தானியமே வேண்டாம். தீனியை மாற்றுவதானால் 10 நாளாவது எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். நான் ஒருமுறை பழைய மூட்டை தீர்ந்ததும் புதியதை அப்படியே போட்டேன். அன்று இரவு என் பெண்குதிரை வயிற்று வலியில் முன்னங்காலால் தரையைப் பறித்துக்கொண்டு, திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்த்தது. குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. விடியும்வரை எனக்குத் தூக்கம் இல்லை.

லாயத்தில் மூக்கைச் சுளிக்க வைக்கும் அம்மோனியா நெடி அடித்தால், படுக்கையை மாற்றுவதோடு தீனியில் புரதம் கூடிவிட்டதா என்றும் பாருங்கள். உடம்புக்கு வேண்டாத புரதம் சிறுநீரில்தான் வெளியேறும். காசும் போச்சு, காற்றும் கெட்டது.

குடற்புழு மருந்தையும் நாள்காட்டி பார்த்துக் கொடுக்காதீர்கள். லத்தியில் புழு முட்டைகளை எண்ணிப் பார்த்த பிறகு மருத்துவர் சொன்னால் கொடுங்கள். தேவையில்லாமல் கொடுத்தால் புழுக்கள் அந்த மருந்துக்குப் பழகிவிடும். ஐவர்மெக்டின் மாதிரியான மருந்து லத்தியோடு வெளியே வந்து சாண வண்டுகளையும் கெடுக்கும். மேய்ச்சல் நிலத்தில் வாரம் இரண்டு முறை லத்தியை அள்ளினாலே பாதித் தொல்லை தீரும்.

அள்ளியதைக் கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி, மழை படாத இடத்தில், மக்கி எருவாவதற்கு ஒரு மீட்டர் உயரத்துக்காவது குவியுங்கள். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுத்தான் வர வேண்டும். மரத்தூள் அதிகமாகக் கலந்திருந்தால் மக்க வெகுநாளாகும், அதனால் படுக்கையிலேயே சிக்கனம் தேவை. உள்ளே 55 டிகிரிக்கு மேல் சில நாள் நின்றால் புழு முட்டையும் களை விதையும் சாகும். ஓரத்தில் அந்தச் சூடு ஏறாது. கிளறி ஓரத்தை நடுவுக்குத் தள்ளுங்கள். வெப்பமானி இல்லாத நாளில் நான் ஓர் இரும்புக் கம்பியைச் சொருகிப் பத்து நிமிடம் கழித்து உருவிப் பார்ப்பேன். கையில் பிடிக்க முடியாமல் சுட்டால் வேலை நடக்கிறது என்று விட்டுவிடுவேன்.