மதுரையில் இடி மழை: டேக்-ஆஃபுக்கு முன் பார்க்க வேண்டியவை

இடி மேகத்துக்குள் புகுந்து புறப்பட ஒரு முறையும் கிடையாது. அதன் ஓரமாக எப்படிப் போவது, எப்போது புறப்படாமல் நிற்பது என்பதற்குத்தான் முறை உண்டு. புதிதாக ஜெட் காக்பிட்டுக்கு வரும் கோ-பைலட்டுகளுக்கான குறிப்பு இது.

மதுரை ரன்வே 09/27, நீளம் சுமார் 7,500 அடி. ஏர்பஸ் ஏ320, போயிங் 737 ஜெட் விமானங்கள் இரண்டுக்கும் இது போதும், ஆனால் தாராளம் என்று சொல்ல முடியாது. சித்திரை, வைகாசியில் மாலை நேரத்தில் மேகம் கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழையோடு இடியும் சேரும். ஆபத்தில் இரண்டும் ஒன்றல்ல. கோடையில் சில நேரம் மழை தரைக்கு வருமுன்னே காற்றில் காய்ந்துபோகும். ரன்வேயில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது, ஆனால் மேகத்தடியில் புழுதி வளையமாகக் கிளம்பும். அதைப் பார்த்தால் நில்லுங்கள்.

காரணம் மைக்ரோபர்ஸ்ட். குடத்தைக் கவிழ்த்தால் தண்ணீர் தரையில் பட்டு நாலாபக்கமும் சிதறுவதுபோல, மேகத்திலிருந்து கொட்டும் குளிர்காற்று தரையில் மோதிப் பரவும். அகலம் 4 கிலோமீட்டருக்குள், ஆயுள் பெரும்பாலும் 15 நிமிடத்துக்குள். விமானம் அதற்குள் நுழையும்போது முதலில் எதிர்காற்று கூடும், வேகமானி ஏறும், ‘நன்றாகத்தானே போகிறது’ என்று தோன்றும். அடுத்து கீழ்நோக்கிய அழுத்தம், உடனே பின்காற்று. வேகம் சரிந்துவிடும். 1982 ஜூலை 9 அன்று நியூ ஆர்லியன்ஸில் புறப்பட்ட பான் ஆம் 759 இப்படித்தான் விழுந்தது; விமானத்தில் இருந்த 145 பேரும், தரையில் 8 பேரும் இறந்தனர்.

விமானம் நிற்கும் ஸ்டாண்டிலேயே இந்தக் கணக்குகளை முடித்துவிடுங்கள். ரன்வேயில் தண்ணீர் 3 மில்லிமீட்டருக்கு மேல் தேங்கினால் அது வெறும் ஈரம் இல்லை. கணக்கே வேறு, ஃப்ளெக்ஸ் த்ரஸ்ட் (எஞ்சின் விசையைக் குறைத்துப் புறப்படுவது) கூடாது. ஈரமாக மட்டும் இருந்தாலும் வி-ஒன் (டேக்-ஆஃபைக் கைவிட முடிவெடுக்கக் கடைசி வேகம்) குறையும். காற்று வெட்டு (காற்றின் வேகமும் திசையும் திடீரென மாறுவது) வரலாம் என்ற சந்தேகம் இருந்தாலே முழு டோகா, அதாவது எஞ்சினின் முழு டேக்-ஆஃப் விசை. கனமழை என்றால் எஞ்சின் அணையாதிருக்க இக்னிஷனை ஆன் செய்யுங்கள். காத்திருப்புக்கு எரிபொருள் போடுங்கள்: இரண்டு எஞ்சினும் ஓடினால் ஏ320 நிமிடத்துக்கு 10 முதல் 12 கிலோ குடிக்கும், அரை மணிக்கு 350 கிலோ வைத்துக்கொள்ளலாம். எரிபொருளைக் கஞ்சமாகப் போட்டவர்தான் பொறுமை இழந்து கிளம்புவார்.

ரன்வேயில் வரிசையானதும் ரேடாரை மேல்நோக்கிச் சாய்த்துப் பாருங்கள், அவசரம் வேண்டாம். திரையில் சிவப்பு, மெஜந்தா நிறத்தில் தெரியும் கடும் மேகங்களிலிருந்து 20 நாட்டிக்கல் மைல் விலகிப் போவதே நல்லது. கனமழைக்குப் பின்னால் கறுப்பாகத் தெரியும் இடத்தை வெறும் வானம் என்று நம்பாதீர்கள். ரேடார் அலை மழையிலேயே தேய்ந்துபோயிருக்கலாம். எந்தப் பக்கம் விலகப் போகிறீர்கள் என்பதை டேக்-ஆஃபுக்கு முன்பே ஏ.டி.சி.யிடம் (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) கேட்டு வாங்குங்கள். இரு முனையிலும் உள்ள காற்றுப்பைகள் வெவ்வேறு திசையைக் காட்டினால் காற்று வெட்டுக்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஓடத் தொடங்கிய பின் ஏ320-இல் 100 நாட் வேகத்திலிருந்து 50 அடி உயரம் வரை காற்று வெட்டு முன்னறிவிப்பு எச்சரிக்கை ஒலிக்காது. அந்த இடைவெளியில் வேகமானியைப் பார்த்துக்கொண்டிருப்பவர் நீங்கள்தான். வி-ஒன்னுக்கு முன் வேகம் தாறுமாறாக ஆடினால் நிறுத்துங்கள். நிறுத்த இடமில்லாத நிலையில் வேகம் சரிந்தால், 737-க்குச் சொல்லப்படும் முறை இது: ரன்வே முடிய 2,000 அடி இருக்கும்போதாவது மூக்கைத் தூக்கியே ஆக வேண்டும், வேகம் குறைவாக இருந்தாலும். மதுரையில் அது தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ 5,500-ஆவது அடி.

ஏறிய பிறகு காற்று வெட்டு வந்தால் டோகா. 737-இல் 15 பாகை மூக்கு, ஏ320-இல் எஸ்.ஆர்.எஸ். (மூக்கை எவ்வளவு தூக்குவது என்று திரையில் வழிகாட்டும் அமைப்பு) காட்டும் கோடு, அது இல்லாவிட்டால் 17.5 பாகை. காற்று வெட்டிலிருந்து வெளியே வரும்வரை கியரையும் (சக்கரங்கள்) ஃப்ளாப்பையும் (இறக்கை மடல்கள்) தொடக் கூடாது. சக்கரத்தை மடக்கும்போது கதவு திறந்து இழுவை கூடும். பழக்கத்தில் கை தானாகப் போகும் இடம் அதுதான்.

தப்பி வந்ததும் ஏ.டி.சி.யிடம் எண்ணாகச் சொல்லுங்கள்: எந்த உயரத்தில், எத்தனை நாட் இழப்பு, எந்த ரன்வே. பின்னால் வரிசையில் நிற்பவருக்கு ‘கொஞ்சம் ஆடியது’ என்பதால் எந்தப் பயனும் இல்லை.