இங்கிலாந்தில் பிள்ளை பாடசாலைக்குப் போகாத நாட்கள்: புதிதாக வந்த குடும்பங்களுக்கு

இங்கிலாந்தில் பாடசாலை வரவை நாளாக அல்ல, அரைநாளாக எண்ணுகிறார்கள். காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை இடாப்பு எடுப்பார்கள். வருடத்துக்கு 190 நாள், அதாவது 380 அரைநாள். அதில் பத்து வீதம், 38 அரைநாள், தவறினால் பிள்ளை 'தொடர்ந்து வராதோர்' கணக்கில் சேரும். உண்மையான வருத்தத்தால் நின்ற நாட்களும் இந்தக் கணக்கில் வரும். அதனால், ஒழுங்காக அறிவித்த குடும்பங்களுக்கும் பாடசாலையிலிருந்து கடிதம் வரலாம். அது குற்றப்பத்திரிகை அல்ல. என்ன உதவி தேவை என்று பேச அழைப்பதுதான்.

தண்டப்பணத்துக்கான கணக்கு வேறு. அனுமதி பெறாமல் நின்ற அரைநாட்களை மட்டுமே அதில் எண்ணுவார்கள். பத்துப் பாடசாலை வாரங்களுக்குள் அப்படிப் பத்து அரைநாள் சேர்ந்தால் தண்டம் விதிப்பதா என்று பார்ப்பார்கள். ஐந்து நாள் பயணம் ஒன்றே இதற்குப் போதும். இடாப்பு மூடிய பிறகு வருவதும் அனுமதியில்லாத வராமைதான். அரை மணித்தியாலத்துக்கு மேல் அதைத் திறந்து வைத்திருக்க மாட்டார்கள்.

ஒவ்வொரு வராமைக்கும் இடாப்பில் ஓர் எழுத்து உண்டு. சுகயீனத்துக்கு 'ஐ', மருத்துவரைப் பார்க்கப் போனதற்கு 'எம்'. காரணம் தெரியாவிட்டால் 'என்' என்று போட்டு வைப்பார்கள். ஐந்து பாடசாலை நாட்களுக்குள் காரணம் கிடைக்காவிட்டால் அது 'ஓ', அதாவது அனுமதியற்றது என்று மாறிவிடும். ஆகவே பிள்ளை நிற்கும் ஒவ்வொரு காலையும் அழையுங்கள். ஆங்கிலம் தடக்கினாலும் பரவாயில்லை: பிள்ளையின் பெயர், வகுப்பு, என்ன வருத்தம், இந்த மூன்றும் போதும். எங்கள் அனுபவத்தில் தமிழ்க் குடும்பங்களின் சிக்கல்கள் பெரும்பாலும் இந்த ஓர் அழைப்பு போகாததில்தான் தொடங்குகின்றன.

எந்த வருத்தத்துக்கு மறிப்பது? மெல்லிய தடிமன், இருமல் என்றால் அனுப்பலாம். பேனுக்காக மறிக்கத் தேவையில்லை. வாந்தி, வயிற்றோட்டம் என்றால் அது நின்ற பிறகு 48 மணித்தியாலம் வீட்டில் இருக்க வேண்டும். அம்மாள் வருத்தத்துக்குக் கொப்புளங்கள் எல்லாம் காய்ந்து பொருக்கு விடும்வரை, பெரும்பாலும் ஐந்து நாள். தண்ணி வார்க்கும் வரை மறித்தால் அந்த மேலதிக நாட்களுக்குக் காரணம் கேட்பார்கள். வழமையான சுகயீனத்துக்கு மருத்துவச் சான்று தேவைப்படாது. சந்தேகம் எழுந்தால் மட்டும் கேட்பார்கள், அதற்கு மருந்துச் சீட்டோ வைத்தியசாலைக் குறுஞ்செய்தியோ போதும்.

அதிகம் அடிபடுவது ஊர்ப் பயணத்தில். தவணைக்குள் விடுமுறை கொடுக்கத் தலைமையாசிரியருக்கு 'விதிவிலக்கான காரணம்' வேண்டும். மலிவான விமானச் சீட்டும் உறவினர் கல்யாணமும் பொதுவாக அதற்குள் வராது. நெருங்கிய உறவின் செத்தவீட்டுக்குப் பல பாடசாலைகள் சில நாட்கள் கொடுக்கும், எத்தனை நாள் என்பது தலைமையாசிரியரின் முடிவு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரை நிற்க நினைத்தால் அதை முதலிலேயே விளக்கி எழுதிக் கேளுங்கள். மகளின் சாமத்தியச் சடங்குக்கும் அப்படியே: சடங்கு என்ன, எத்தனை நாள் என்று வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள், மண்டபத்தை விடுமுறை நாளில் எடுங்கள். பிள்ளையோடு வழமையாக வசிக்கும் பெற்றோர் போகுமுன்பே விண்ணப்பிக்க வேண்டும், திரும்பி வந்து கேட்டால் கொடுக்க முடியாது. 'சுகமில்லை' என்று சொல்லிவிட்டுப் பறக்கவே வேண்டாம். உண்மை தெரிந்த பிறகு நீங்கள் சொல்லும் நியாயமான காரணத்தையும் நம்ப மாட்டார்கள்.

தண்டம் ஒவ்வொரு பெற்றோருக்கும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி. 21 நாட்களுக்குள் கட்டினால் 80 பவுண், அதைத் தாண்டி 28ஆம் நாளுக்குள் என்றால் 160. தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என்றால் 320 அல்லது 640. மூன்று வருடத்துக்குள் அதே பிள்ளைக்காக இரண்டாம் தடவை என்றால் நேரே 160. மூன்றாம் தடவை தண்டச்சீட்டு வராது, வழக்கு வரலாம். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 444ஆம் பிரிவின்படி 1,000 பவுண் வரை அபராதம் விதிக்கலாம். தெரிந்துகொண்டே விட்டதாக நிரூபித்தால் 2,500 பவுண் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கலாம். தண்டச்சீட்டுக்கு மேன்முறையீடு இல்லை. கட்டாவிட்டால் வழக்கு அந்தச் சீட்டைப் பற்றியதாக இருக்காது, பிள்ளை வராததைப் பற்றியதாக இருக்கும்.

அனுமதித்த விடுமுறை முடிந்து பத்துப் பாடசாலை நாட்களுக்குள் பிள்ளை வராமல், பாடசாலையும் கவுன்சிலும் (உள்ளூராட்சி சபை) தேடியும் உங்களைப் பிடிக்க முடியாவிட்டால் பெயரை வெட்டலாம். ஊரில் காய்ச்சலோ விமானத் தடங்கலோ வந்தால் அங்கிருந்தே மின்னஞ்சல் அனுப்பி, ஆங்கிலத்தில் மருத்துவக் கடிதம் வாங்கி வாருங்கள்.

தைப்பொங்கல், தீபாவளி போன்ற நாட்களுக்கு மதக் காரணமாக அனுமதி கேட்கலாம். சமய அமைப்பு வழிபாட்டுக்கென்றே ஒதுக்கிய நாளா என்று பார்ப்பார்கள், எனவே ஒரு நாளுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று. பிள்ளையைப் பராமரிப்பவர் எவரும் கல்விச் சட்டப்படி 'பெற்றோர்'தான். தகப்பன் ஊரில் இருக்க, பிள்ளை சித்தப்பா வீட்டில் நின்றால் தண்டம் சித்தப்பாவுக்கும் வரலாம். அவர் தகப்பனின் உடன்பிறந்த தம்பி என்றால் நெருங்கிய உறவு. ஒன்றுவிட்ட தம்பி என்றால் சட்டத்தில் நெருங்கிய உறவு அல்ல. 16 வயதுக்குக் கீழான பிள்ளை அப்படி நெருங்கிய உறவல்லாதவர் வீட்டில் 28 நாளோ அதற்கு மேலோ தங்குவதானால் கவுன்சிலுக்கு அறிவிப்பது கட்டாயம்.

கடை வைத்திருப்போருக்கு: சம்பளம் இல்லாமல் பிள்ளை உதவினாலும் அது வேலைதான். 13 வயதுக்குக் கீழ் கூடாது. அதற்கு மேல் கவுன்சிலின் அனுமதிச் சீட்டு வேண்டும். பாடசாலை நாளில் இரண்டு மணித்தியாலம், தவணை வாரத்தில் 12 மணித்தியாலம், காலை 7 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் இல்லை.

பிள்ளையின் வரவு பற்றிப் பேசக் கதவைத் தட்டும் கல்வி நலன் உத்தியோகத்தர் (சில கவுன்சில்களில் பெயர் வேறாக இருக்கும்) குடிவரவு அதிகாரி அல்ல, உங்கள் வீசாவைச் சரிபார்ப்பது அவர் வேலையும் அல்ல. அடையாள அட்டையைப் பாருங்கள். உங்கள் சம்மதமில்லாமல் வீட்டுக்குள் வர அவருக்கு அதிகாரம் இல்லை. ஆனால் பேசுங்கள், ஏனென்றால் பிள்ளை பயத்தில் அழுவது, வகுப்பில் தொந்தரவு, மொழி புரியாமை, போக்குவரத்து என்று எதுவானாலும் பாடசாலையோடு பேசி மாற்ற அவரால் முடியும். மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், பிள்ளையை வைத்துப் பேசுவிக்க வேண்டாம். தொந்தரவு தருபவர் யார், வீட்டில் என்ன நடக்கிறது என்று பிள்ளையால் பெற்றோர் முன் சொல்ல முடியாது. வரவு ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்டால் அது தண்டனை அல்ல. யார் என்ன செய்வது என்ற எழுத்து, அதில் பாடசாலை செய்ய வேண்டியதையும் எழுதச் சொல்லுங்கள். எச்சரிக்கையுடன் கூடிய விசாரணைக்கு (நீங்கள் சொல்வது நீதிமன்றத்தில் சாட்சியமாகலாம் என்று எச்சரித்துவிட்டுக் கேள்வி கேட்பது) கூப்பிட்டால் மட்டும் முதலில் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

கல்வி நலன் உத்தியோகத்தர் வேலைக்குத் தமிழ் தெரிந்தவர்கள் வர வேண்டும் என்று விரும்புகிறோம். இதற்கென்று சட்டம் கேட்கும் தனிப் பட்டம் இல்லை. பிள்ளைகளோடும் குடும்பங்களோடும் வேலை செய்த அனுபவம், அறிக்கை எழுதும் ஆங்கிலம், பெரும்பாலும் வாகன அனுமதிப்பத்திரம் கேட்பார்கள். பிள்ளைகளோடு வேலை செய்வோருக்கான உயர்நிலைக் குற்றப்பதிவுச் சோதனையோடு, முன்பு வாழ்ந்த நாடுகளின் பொலிஸ் சான்றும் தேவைப்படலாம். அது வந்துசேர நாளெடுக்கும், ஆகவே விண்ணப்பம் போடும்போதே அதற்கும் எழுதிவிடுங்கள்.