ஆபீஸில் நடக்கும் தப்பைச் சொல்லப் போகிறீர்களா? முதலில் எந்த மாநிலம் என்று பாருங்கள்

டாலஸில் ஒரு தனியார் கம்பெனியில் வேலை பார்த்த என் நண்பர், அங்கே சோதனை அறிக்கைகளில் தேதியை மாற்றிப் போடுவதைப் பார்த்துவிட்டு, மனசு கேட்காமல் மேனேஜரிடம் போய்ச் சொன்னார். மூன்று வாரத்தில் வேலை போய்விட்டது. வக்கீலிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "தேதியை மாற்றச் சொல்லி உங்களையே கேட்டார்களா, நீங்கள் முடியாது என்றீர்களா?" இல்லை, பார்த்ததைச் சொன்னேன், அவ்வளவுதான் என்றார் இவர். டெக்சாஸ் சட்டப்படி உங்களுக்கு வழக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இதையே கலிபோர்னியாவில் செய்திருந்தால் கதையே வேறு.

அமெரிக்காவில் மொன்டானாவைத் தவிர எல்லா மாநிலத்திலும் 'அட் வில்' முறைதான், அதாவது காரணமே சொல்லாமல் வேலையை விட்டு அனுப்பலாம். தப்பை வெளிப்படுத்துபவருக்கான பாதுகாப்பு இதற்கு ஒரு விலக்கு, அந்த விலக்கு எவ்வளவு அகலம் என்பதை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக முடிவு செய்திருக்கிறது. கம்பெனியின் தலைமையகம் எங்கே என்று பார்க்காதீர்கள், நீங்கள் எந்த மாநிலத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறீர்களோ பெரும்பாலும் அந்தச் சட்டம்தான் பேசும். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் இதில்தான் ஏமாந்து போகிறார்கள்.

அடுத்து, யாரிடம் சொல்வது. இதில்தான் மாநிலத்துக்கு மாநிலம் நேர் எதிராக இருக்கிறது. கலிபோர்னியாவில் மேலதிகாரியிடம் சொன்னாலே போதும், பாதுகாப்பு உண்டு. 2024 முதல், நீங்கள் புகார் சொன்ன 90 நாளுக்குள் தண்டித்தால் அது பழிவாங்கல்தான் என்று சட்டமே முதலில் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று காட்ட வேண்டியது கம்பெனியின் வேலை. நியூ ஜெர்சியில் 1986-லிருந்து நல்ல சட்டம் இருக்கிறது, ஆனால் அரசுத் துறைக்குப் போவதற்கு முன் மேலதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்து, சரிசெய்ய அவகாசம் தர வேண்டும் (சில விலக்குகள் உண்டு). புளோரிடாவிலும் அரசுத் துறையிடம் போகும் முன் எழுத்து மூலம் நோட்டீஸ் கேட்கும். மிச்சிகனில் இதற்குத் தலைகீழ்: தனியார் கம்பெனி ஊழியர் உள்ளுக்குள் மட்டும் சொன்னால் அந்தச் சட்டம் காப்பாற்றாது, அரசு அமைப்பிடம் போக வேண்டும், அல்லது போகப் போகிறார் என்பதற்கு உறுதியான ஆதாரம் வேண்டும். டெக்சாஸ் சட்டமோ அரசு ஊழியர்களுக்கு மட்டும்தான். தனியாரில் இருப்பவருக்கு, குற்றச் செயலைச் செய்ய மறுத்ததற்காக, அதற்காக மட்டுமே, வேலை போயிருந்தால் 1985-ல் வந்த ஒரு தீர்ப்பு கைகொடுக்கும். நியூயார்க் 2022 ஜனவரியில்தான் மாறியது. அதற்கு முன் சட்டமீறல் உண்மையிலேயே நடந்திருக்க வேண்டும், இப்போது நியாயமாக நம்பியிருந்தாலே போதும், வேலையை விட்டவர்களுக்கும் பொருந்தும்.

அப்புறம் நாள் கணக்கு, அதாவது பழிவாங்கப்பட்ட பிறகு வழக்குப் போட எவ்வளவு அவகாசம் என்பது. மிச்சிகனில் 90 நாள், நியூ ஜெர்சியில் ஒரு வருடம், நியூயார்க்கில் இரண்டு வருடம். வேலையிடப் பாதுகாப்பு பற்றிப் புகார் சொல்லி, அதற்காகப் பழிவாங்கப்பட்டு மத்திய அரசின் வேலையிடப் பாதுகாப்புத் துறையான ஓஷாவிடம் போவதென்றால் 30 நாள்தான். வேலை போன அதிர்ச்சியில் ஒரு மாதம் ஓடுவது தெரியவே தெரியாது, ஆகவே தேதியை அன்றைக்கே காலண்டரில் குறியுங்கள்.

எப்படிச் சொல்வது? வாய்வார்த்தை வேண்டாம். பேசிவிட்டு வந்தாலும் அன்றே ஒரு ஈமெயில் போடுங்கள்: "இன்று காலை உங்களிடம் சொன்னபடி, இந்த மூன்று அறிக்கைகளிலும் சோதனை நடந்த தேதி மாற்றப்பட்டிருக்கிறது, இது சட்டத்துக்கு எதிரானது என்று நினைக்கிறேன்." 'எனக்கு வருத்தமாக இருக்கிறது' என்று மட்டும் எழுதினால் அது மனக்குறை, புகார் ஆகாது. 'சட்டம்' என்ற சொல் அதில் இருக்கட்டும். கம்பெனி ஃபைல்களை உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பாதீர்கள், அதையே காரணமாக்கி அனுப்பிவிடுவார்கள். தேதி, பெயர், அறிக்கை எண் இவற்றை வீட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். போனில் பதிவு செய்யும் முன்னும் மாநிலத்தைப் பாருங்கள்: டெக்சாஸ், நியூ ஜெர்சி, நியூயார்க்கில் பேச்சில் இருக்கும் ஒருவர் சம்மதம் போதும், அந்த ஒருவர் நீங்களாகவே இருக்கலாம். கலிபோர்னியாவிலும் புளோரிடாவிலும் அந்தரங்கமான பேச்சைப் பதிவு செய்ய எல்லோரும் சம்மதிக்க வேண்டும், இல்லாவிட்டால் குற்றம் உங்கள் மேல் வரும்.

எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள் பயந்து வாயை மூடிக்கொள்வதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. சம்பளத்தைக் குறைத்துக் கொடுப்பது, ப்ராஜெக்ட் இல்லை என்று 'பெஞ்சில்' உட்கார வைத்துச் சம்பளம் தராமல் இருப்பது இதையெல்லாம் புகார் செய்தவரைப் பழிவாங்கக் கூடாது என்று மத்திய சட்டமே சொல்கிறது, அதற்கு மாநிலம் பார்க்க வேண்டாம். தொழிலாளர் துறையின் டபிள்யூஎச்-4 படிவத்தில் 12 மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம். ஆனால் வேலை போனால் நாட்டில் இருக்க அதிகபட்சம் 60 நாள்தான், ஐ-94 (எதுவரை நாட்டில் இருக்கலாம் என்று காட்டும் பதிவு) அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான். அதனால் அந்த ஈமெயிலை அனுப்பும் முன்பே, தொழிலாளர் வழக்கு பார்க்கும் வக்கீல் ஒருவரிடமும் குடியேற்ற வக்கீல் ஒருவரிடமும் தனித்தனியாகப் பேசிவிடுங்கள்.