ராத்திரி பகலா ஓடினால் போதாது: ஆய்வுக்குக் கணினி கொடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அண்ணே, ரெண்டு மாசமா ராத்திரி பகலா ஓடுது. ஆனா பாயிண்ட் ஏறவே மாட்டேங்குது" என்றான் சித்தி மகன். கேம் விளையாடுவதற்காக ஒவ்வொரு பாகமாகத் தேடி வாங்கி அவனே பூட்டிய மேசைக் கணினி. அவன் கல்லூரிக்குப் போன நேரமெல்லாம் சும்மா கிடக்கிறதே என்று கணினியின் ஓய்வு நேரத்தை ஆய்வாளர்களின் கணக்குகளுக்குக் கொடுக்க உதவும் பாயிங்க் மென்பொருளை அதில் போட்டு, விண்மீன் துடிப்புகளைத் தேடும் ஐன்ஸ்டைன் அட் ஹோம் திட்டத்தில் சேர்ந்திருந்தான். சரியாக முடித்துக் கொடுக்கும் கணக்குக்குப் பாயிண்ட் உண்டு.

அவனுடைய கணக்குப் பக்கத்தைத் திறந்து டாஸ்க் பட்டியலைப் பார்த்தோம். 'வேலிட்' (ஏற்ற விடைகள்) என்ற தலைப்பின் கீழ் விரல்விட்டு எண்ணிவிடலாம். 'இன்வேலிட்' (தள்ளிய விடைகள்) என்பதன் கீழ் பக்கம் பக்கமாகப் போனது. காரணத்தைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை: கேமில் வேகம் வேண்டும் என்று ராம் நினைவகத்தை அது தாங்கும் அளவுக்கு மேல் முடுக்கி வைத்திருந்தான். கேமில் எங்கோ ஒரு புள்ளியின் நிறம் பிசகினால் கண்ணுக்குத் தெரியாது. விண்மீனிலிருந்து வரும் துடிப்பைத் தேடும் கணக்கில் ஒரு பிட் புரண்டால் விடையே வேறு. இரண்டு மாதக் கரன்ட் வீண். அதைவிட எனக்கு வருத்தமாக இருந்தது, அவன் ஒரு நாள்கூட அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்கவில்லை என்பது.

இப்படிப்பட்ட ஏமாற்றத்தோடு விலகிப் போனவர்கள் நிறையப் பேர். ஆர்வத்தில் குறை இருந்ததில்லை. எங்கே கவனிக்க வேண்டும் என்று யாரும் சொல்லாததுதான் குறை.

வீட்டுக் கணினிகளின் ஓய்வு நேரத்தை இணையம் வழியாகத் திரட்டி, ஒரு பெரிய கணக்கைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கும் முறை 1996-ல் பகா எண் தேடும் கிம்ப்ஸ் திட்டத்தோடு சூடுபிடித்தது. 1999 மே மாதம் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் தொடங்கிய, வேற்றுலக அறிவுயிர்களின் சிக்னலைத் தேடிய செட்டி அட் ஹோம் அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. அதே பெர்க்லியில் டேவிட் ஆண்டர்சன் உருவாக்கிய பாயிங்க்தான் இன்று பல திட்டங்களுக்குப் பொதுவான மேடை. 2010-ல் ஐன்ஸ்டைன் அட் ஹோமில் சேர்ந்திருந்த இரண்டு கணினிகள், ஒன்று அமெரிக்காவின் அயோவாவில், இன்னொன்று ஜெர்மனியின் மைன்ஸ் நகரில், அரெசிபோ தொலைநோக்கி சேகரித்த தரவிலிருந்து பல்சர் எனும் துடிக்கும் விண்மீன் ஒன்றைப் புதிதாகப் பிடித்துக் கொடுத்தன. நொடிக்குச் சுமார் 41 முறை சுழலும் விண்மீன் அது. ஏன் இரண்டு கணினிகள்? தம்பியின் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது.

உங்களுக்கு ஒரு ஜோடி இருக்கிறார்

முன்பின் தெரியாத ஒருவரின் கணினி அனுப்பும் விடையை ஆய்வாளர் எப்படி நம்புவார்? அதனால் பாயிங்க் திட்டங்கள் பலவற்றில் ஒரே துண்டு இரண்டு பேருக்குப் போகும். இரண்டு விடைகளும் ஒத்துப்போனால் இருவருக்கும் புள்ளி. ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது கணினிக்கு அனுப்பி, எந்த இரண்டு சேர்கின்றன என்று பார்ப்பார்கள். உங்களோடு அதே துண்டைப் பெற்றவரை இந்த வட்டத்தில் 'விங்மேன்' என்பார்கள். டாஸ்க் பெயரின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள். _0, _1 என்று முடிந்தால் முதல் இருவரில் நீங்கள் ஒருவர். _2 அல்லது அதற்கு மேல் என்றால், முன்னால் வாங்கியவர் யாரோ பிழையாக அனுப்பியிருக்கிறார், அல்லது அனுப்பவே இல்லை. உங்கள் கணினி இப்போது அந்த வேலையைத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறது.

ஆகவே பிழையான விடை அனுப்பும் கணினி தன் நேரத்தை மட்டும் வீணாக்குவதில்லை. மூன்றாவதாக ஒருவரின் நேரத்தையும் தின்கிறது. முடுக்கி வைத்த சிபியூ, முடுக்கி வைத்த ராம், தூசி அடைத்த விசிறி எல்லாமே இதில்தான் கொண்டுபோய் விடும். கணினியை முடுக்காமல் இருக்க முடியாது என்றால், கிம்ப்ஸ்காரர்களின் பிரைம்95 மென்பொருளில் உள்ள 'டார்ச்சர் டெஸ்ட்'டை ஓர் இரவு முழுக்க ஓட்டிப் பாருங்கள். பகா எண் தேடுவதற்காக எழுதிய அந்த மென்பொருளை உலகமெங்கும் கணினி பூட்டுபவர்கள் உறுதிச் சோதனைக்கும் வைத்திருக்கிறார்கள். அதில் ஒரே ஒரு பிழை வந்தாலும் வேகத்தைக் குறையுங்கள். 'ஒண்ணுதானே' என்று விடாதீர்கள். தம்பியின் கணினியில் ராமைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்ததும் இன்வேலிட் வருவது நின்றுவிட்டது.

புள்ளியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். செட்டி அட் ஹோமின் ஆரம்ப நாட்களில் எத்தனை துண்டு முடித்தீர்கள் என்பதே கணக்காக இருந்தது. பட்டியலில் மேலே வர வேண்டும் என்று மென்பொருளைத் திருத்தி, செய்யாத வேலைக்கு விடை அனுப்பியவர்கள் இருந்தார்கள். பின்னால் வந்த பாயிங்க் விடைகளை ஒப்பிடும் முறையை அடித்தளத்திலேயே வைத்ததற்கு அந்த அனுபவம் ஒரு காரணம். புள்ளிகள் உற்சாகம் தரும், நானும் பார்ப்பதுண்டு. ஆனால் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டியது புள்ளி எண்ணிக்கை இல்லை, இன்வேலிட், எரர் என்ற அந்த இரண்டு பட்டியல்கள்.

வேலையை அள்ளிக் குவிப்பது

என் கணிப்பில் இதுதான் எல்லாவற்றிலும் பரவலான தவறு. பாயிங்க் அமைப்பில் எத்தனை நாளுக்கான வேலையைக் கையிருப்பு வைக்கலாம் என்று ஓர் இடம் உண்டு. நெட் போய்விட்டால் கணினி சும்மா இருக்கக் கூடாதே என்று பலர் அதில் பத்து நாள் என்று போடுகிறார்கள். செட்டி அட் ஹோம் காலத்தில் இதற்கு ஒரு நியாயம் இருந்தது. செவ்வாய்க்கிழமை தோறும் பராமரிப்புக்காக அவர்களுடைய சர்வரை நிறுத்துவார்கள். இப்போது அந்தப் பழக்கம் கெடுதல்தான் செய்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் கெடு உண்டு. கெடு தாண்டினால் அதே துண்டு இன்னொருவருக்குப் போய்விடும். அவர் முந்தி முடித்துவிட்டால், நீங்கள் பாதியில் வைத்திருக்கும் கணக்கு யாருக்கும் பயனில்லை. அதுவரை உங்கள் விங்மேன் விடையை அனுப்பிவிட்டு, 'பெண்டிங்' என்று காத்துக் கிடப்பார். கெடு நாட்களும் திட்டத்துக்குத் திட்டம் மாறும். சிலவற்றில் இரண்டு வாரம், சிலவற்றில் சில நாட்களே.

ஃபோல்டிங் அட் ஹோமில் தாமதம் இன்னும் ஆழமாகக் காயப்படுத்தும். புரதங்கள் எப்படி மடிகின்றன, அசைகின்றன என்று பார்க்கும் திட்டம் அது. 2000-ல் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கியது. அங்கே ஒரு புரதத்தின் அசைவைத் தொடர்ச்சியான நேரத்துண்டுகளாக வெட்டுகிறார்கள். உங்கள் வேலையின் பெயரில் ரன், குளோன், ஜென் என்று மூன்று எண்கள் இருக்கும். ஜென் 57 உங்களிடம் இருக்கிறது என்று வையுங்கள். அணுக்கள் எங்கே நின்றன, எந்த வேகத்தில் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தன என்ற நிலையை ஜென் 56 முடித்த யாரோ ஒருவரிடமிருந்து வாங்கி, அந்த இடத்திலிருந்து நீங்கள் தொடர்கிறீர்கள். நீங்கள் முடித்து அனுப்பினால்தான் ஜென் 58 என்ற வேலையே பிறக்கும். அதுவரை அந்தச் சரடு முழுவதும் உங்கள் வீட்டு மேசையில் நிற்கிறது. உலகில் லட்சம் கணினிகள் சும்மா இருந்தாலும் அந்தச் சரடை அவை முன்னால் நகர்த்த முடியாது. சீக்கிரம் திருப்பி அனுப்புகிறவர்களுக்கு அவர்கள் கூடுதல் புள்ளி கொடுப்பது இதனால்தான். ஒரு துண்டை வாங்கிவிட்டு வெள்ளிக்கிழமை கணினியை அணைத்து ஊருக்குப் போய்விடுகிறவர்கள் இதை அறிந்தால் செய்ய மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இதன் மறுபக்கமும் உண்டு. 2020 மார்ச்சில் கொரோனா ஆய்வுக்கு உதவ அவ்வளவு பேர் ஃபோல்டிங் அட் ஹோமில் குவிந்ததில், கொடுக்க வேலையில்லாமல் சர்வர்கள் திணறின. மென்பொருள் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்து அழித்து நிறுவினார்கள் பலர். வேலை வரவில்லை என்றால் உங்கள் பக்கம் பழுது என்று அர்த்தமில்லை. முதலில் மென்பொருள் தன் நடவடிக்கைகளைக் குறித்து வைக்கும் லாகைப் படியுங்கள். தமிழில் இல்லாவிட்டாலும் அதில் வருவது எளிய வாக்கியங்கள்தான்.

சூடு, கரன்ட், கரன்ட் கட்

லேப்டாப்பை மெத்தைமேல் வைத்து இரவு முழுக்க ஓட்டாதீர்கள். இதை எழுதவே வேண்டியிருக்காது என்று நினைத்தேன், ஆனால் மெத்தையில் வைத்தவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். சூட்டைக் குறைக்க விரும்புகிறவர்கள் செய்யும் இன்னொரு பிழை நுணுக்கமானது. பாயிங்கில் இரண்டு சதவீதங்கள் அடுத்தடுத்து இருக்கும். ஒன்று சிபியூவில் உள்ள கோர் எனும் கணக்கிடும் பகுதிகளில் எத்தனையைப் பயன்படுத்தலாம் என்பது, மற்றது சிபியூ நேரத்தில் எவ்வளவு என்பது. இரண்டாவதைக் குறைத்தால் கணக்கை நொடிக்கு நொடி நிறுத்தி நிறுத்தி ஓட்டும். சிப் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, விசிறி ஊளையிடும். முதலாவதைக் குறையுங்கள். எட்டு கோரில் நான்கு கொடுத்தால் அந்த நான்கும் சீராக ஓடும்.

கரன்ட் பில்லையும் முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். கணக்கு ஓடுவதால் கூடுதலாக 100 வாட் இழுத்தால் நாளுக்கு 2.4 யூனிட், அறுபது நாளில் 144 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில், படிப்படியாக ஏறும் விகிதம். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளுக்கான சலுகையும் குறைகிறது. உங்கள் வீடு ஏற்கெனவே 400-ஐ ஒட்டி இருந்தால், இரவில் மட்டும் ஓட்டுவது, கோடையில் நிறுத்துவது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பில் கட்டுகிறவர் நீங்கள் இல்லையென்றால் அவரிடம் சொல்லிவிட்டு ஓட்டுங்கள். நல்ல காரியம்தான், ஆனால் அவருடைய காசு.

கரன்ட் கட் உள்ள ஊரில் இருப்பவர்கள் செக்பாயிண்ட் என்ற சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும். கணக்கு இடையிடையே தன் நிலையை டிஸ்கில் எழுதி வைக்கும். மின்சாரம் போனால் கடைசியாக எழுதிய இடத்திலிருந்து தொடரும். 63 சதவீதத்தில் இருந்தது திரும்ப வந்ததும் 58 காட்டினால் பதற வேண்டாம். ஆனால் கரன்ட் போகாமலே இப்படி அடிக்கடி பின்வாங்குகிறதா? நீங்கள் மவுஸைத் தொடும்போதெல்லாம் கணக்கு நினைவகத்திலிருந்து இறக்கப்படுகிறது என்று அர்த்தம். 'நிறுத்தி வைத்த டாஸ்க்கை மெமரியில் விடு' என்ற அமைப்பை டிக் செய்தால் தீர்ந்துவிடும். ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வகமான செர்னின் எல்ஹெச்சி அட் ஹோம் திட்டத்தில் சில வேலைகள் விர்ச்சுவல் பாக்ஸுக்குள், அதாவது கணினிக்குள் இன்னொரு கணினிபோல் இயங்கும் மென்பொருளுக்குள், ஓடுபவை. திடீர் அணைப்பு அவற்றுக்கு ஆகவே ஆகாது. யூபிஎஸ் இல்லாதவர்கள் வேறு வேலைகளைத் தேர்வது நல்லது.

ஃபோனில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரே வார்த்தை: சார்ஜில் இருக்கும்போது, வைஃபையில், பேட்டரி 90 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மட்டும் என்று இயல்பாக வரும் அமைப்பை மாற்றாதீர்கள்.

நம்முடையது இல்லாத கணினி

ஆபீஸ், கல்லூரி லேப், பிரவுசிங் சென்டர் எங்கேயும் எழுத்துப்பூர்வ அனுமதியில்லாமல் நிறுவக் கூடாது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியின் கணினி நிர்வாகி, கல்லூரிக் கணினிகளில் இதே வகையான ஒரு பகிர்வுக் கணக்கு மென்பொருளை நிறுவியதற்காகக் குற்ற வழக்கைச் சந்தித்தார். 2002-ல் சமரசத்தில் முடிந்தபோதுகூட ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 2,100 டாலர், 80 மணி நேரச் சமூகச் சேவை என்று விதித்தார்கள். அவர் யாருடைய தரவையும் திருடவில்லை.

அனுமதி கேட்கும்போதும் சரி, வீட்டில் ஓட்டும்போதும் சரி, எந்தத் திட்டம் என்று தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு திட்டத்தில் சேர்வது என்றால் அவர்கள் அனுப்பும் நிரலை உங்கள் கணினியில் ஓட்டச் சம்மதிப்பது. யார் நடத்துகிறார்கள், எந்த நிறுவனம், என்ன ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்திருக்கின்றன என்று திட்டத்தின் பக்கத்திலேயே படிக்கலாம். அது கிடைக்காத திட்டத்தை விட்டுவிடுங்கள். மென்பொருளைப் பெர்க்லியின் தளத்திலிருந்தோ உங்கள் லினக்ஸின் தொகுப்பகத்திலிருந்தோ மட்டும் எடுங்கள். 'காயின் சம்பாதிக்கலாம்' என்று யாரோ வாட்ஸப்பில் அனுப்பும் கோப்பு வேண்டவே வேண்டாம்.

விலகும்போது

கணினியை விற்கப் போகிறோம், ஃபார்மட் அடிக்கப் போகிறோம், அல்லது போதும் என்று தோன்றுகிறது. பெரும்பாலோர் அப்படியே அன்இன்ஸ்டால் செய்துவிடுகிறார்கள். சர்வருக்கு அது தெரியாது. நீங்கள் இன்னும் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று நினைத்துக் கெடு முடியும்வரை காத்திருக்கும். உங்கள் விங்மேனும் காத்திருப்பார்.

திட்டம் முடிந்துபோவதும் உண்டு. செட்டி அட் ஹோம் 2020 மார்ச் 31-க்குப் பிறகு புதிய வேலை அனுப்புவதை நிறுத்தியது. அது தெரியாமல் இன்னும் அதிலேயே இணைந்து, வருடக்கணக்கில் சும்மா சுற்றும் கணினிகள் உண்டு. அந்த உழைப்பு வீண்போகவில்லை: அவ்வளவு ஆண்டுகளில் தொண்டர்களின் கணினிகள் குறித்துக் கொடுத்த சுமார் 1,200 கோடி சிக்னல்களை வடிகட்டி, கடைசியில் நூறளவில் எடுத்து, சீனாவின் ஃபாஸ்ட் தொலைநோக்கியால் திரும்பப் பார்க்கிறார்கள். உங்கள் பட்டியலில் அது மட்டும் இருந்தால் இன்னொரு திட்டத்தைச் சேருங்கள்.

விலகுவதற்கு முந்தைய நாள் 'நோ நியூ டாஸ்க்ஸ்' என்ற பொத்தானை அழுத்துங்கள். கையில் இருப்பவை முடியட்டும். முடிக்க நேரமில்லாதவற்றைத் தேர்ந்து 'அபார்ட்' கொடுங்கள். இதற்குக் கூச்சப்படத் தேவையில்லை, வைத்துக்கொண்டு காணாமல் போவதைவிட இது எவ்வளவோ மேல். பிறகு 'அப்டேட்' அழுத்தி, சர்வருக்குச் செய்தி போய்விட்டதா என்று லாகில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் மென்பொருளை அழித்து முடிப்பதற்குள் அந்தத் துண்டு வேறு யாருடைய கணினிக்கோ கிளம்பிவிடலாம்.