டை இன்டர்செப்டர்: ஷீல்டு இல்லாத விமானத்தில் செய்யக்கூடாத தவறுகள்

போன கோடை விடுமுறைக்குப் பென்னாகரத்திலிருந்து மாமா பையன் தர்மபுரிக்கு வந்திருந்தான். ஸ்டார் வார்ஸ் படங்களின் விண்வெளிச் சண்டையை வைத்து வந்த 'ஸ்டார் வார்ஸ்: ஸ்குவாட்ரன்ஸ்' வீடியோ கேமில், பேரரசை எதிர்க்கும் அணியின் போர்விமானமான எக்ஸ்-விங்கை நன்றாகவே ஓட்டப் பழகியவன். அன்று முதல் தடவையாகப் பேரரசுப் பக்கம் சேர்ந்து டை இன்டர்செப்டரில் ஏறினான். ஒரே ஆட்டத்தில் ஒன்பது முறை செத்தான். "அண்ணா, எங்கிருந்து அடி வந்துச்சுன்னே தெரியல. சுட ஆரம்பிச்சேன், வெடிச்சுடுச்சு" என்றான். விமானமே சரியில்லை என்பது அவன் முடிவு.

எனக்கு மிகவும் பிடித்த விமானம் அது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. அவன் இன்டர்செப்டரில் உட்கார்ந்து எக்ஸ்-விங்கை ஓட்டிக்கொண்டிருந்தான். புதிதாக இதில் ஏறும் பலருக்கும் இதுதான் நடக்கிறது.

2020 அக்டோபரில் மோட்டிவ் ஸ்டுடியோ உருவாக்கி வெளிவந்த இந்த விளையாட்டில் அணிக்கு ஐந்து பேர். வேகத்திலும் திரும்பும் லாகவத்திலும் பேரரசின் முதல் நான்கு விமானங்களில் இன்டர்செப்டரை மற்றவை நெருங்க முடியாது. எதிரணியில் இதற்கு ஜோடி ஏ-விங். ஆனால் ஏ-விங்குக்கு ஷீல்டு, அதாவது அடியைத் தாங்கும் கவசத் திரை உண்டு, இதற்குக் கிடையாது. உடல் தகடும் மெலிது. அங்கே ஷீல்டு வாங்கிக்கொள்ளும் அடி, இங்கே நேராக உடம்பில் விழும்.

அதனால் முதல் தவறு, நேருக்கு நேர் மோதப் போவது. எக்ஸ்-விங்காரர் தன் ஷீல்டு முழுவதையும் முன்பக்கம் திருப்பிவிட்டுச் சுட்டுக்கொண்டே வரலாம். நீங்களும் சுட்டுக்கொண்டே போனால், அவர் ஷீல்டு கரைவதற்குள் உங்கள் விமானம் கரைந்துவிடும். உங்கள் குறி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. எதிரி மூக்கைத் திருப்பி உங்களைப் பார்க்கிறார் என்றால் விலகுங்கள். வேறொருவரைத் துரத்திக்கொண்டிருப்பவரின் முதுகுப் பக்கம்தான் உங்கள் இடம்.

விலகுவதிலும் ஒரு தவறு உண்டு. பயந்தவுடன் த்ராட்டிலை, அதாவது வேகக் கட்டுப்பாட்டை, முழுதாகத் தள்ளிவிட்டுத் திருப்புகிறோம். தொப்பூர் கணவாயில் வண்டி ஓட்டியவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அந்த வளைவுகளில் சேலம் பக்கம் இறங்கும் லாரியைக் காப்பாற்றுவது கியரைக் குறைத்த நிதானம்தான். இந்த விளையாட்டிலும் த்ராட்டில் பாதியில் நிற்கும்போதுதான் விமானம் மிகக் கூர்மையாகத் திரும்பும். முழு வேகத்தில் பெரிய வட்டம் போடுவீர்கள், பாதி வேகத்தில் வருபவர் அந்த வட்டத்துக்கு உள்ளே புகுந்து சுடுவார். பாதியில் திரும்புங்கள், திரும்பி முடித்ததும் தள்ளுங்கள். ஒரு வாரம் விடாமல் செய்தால் கை தானாகச் செய்யும்.

இனி வருவதுதான் இன்டர்செப்டரின் உயிர்நாடி. பெரும்பாலானவர்கள் தொடாமலேயே விட்டுவிடுவதும் இதைத்தான்.

ஷீல்டு இல்லாத டை விமானங்களில் பவரை இரண்டு இடத்துக்குத்தான் பிரிக்க முடியும்: எஞ்சின், லேசர். எஞ்சினுக்கு முழுதாகக் கொடுத்தால் பூஸ்ட், அதாவது திடீரென்று பாய்வதற்கான சக்தி, சேரும். லேசருக்கு முழுதாகக் கொடுத்தால் கூடுதல் வலுவோடு சுடலாம். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஷீல்டு இல்லாததற்கு ஈடாக இந்த விமானங்களுக்கு மட்டும் ஒரு வசதி இருக்கிறது. லேசரில் சேர்ந்திருக்கும் சக்தியை ஒரே நொடியில் பூஸ்ட்டாக மாற்றலாம். பூஸ்ட்டையும் அதேபோல் லேசராக மாற்றலாம். மாற்றிய பக்கம் அப்போதைக்குக் காலி, அவ்வளவுதான்.

மாமா பையன் என்ன செய்தான்? எதிரியை எட்டிப் பிடிக்கும்போதே பூஸ்ட் முழுவதையும் எரித்தான். அப்புறம் லேசரைக் கடைசித் துளிவரை சுட்டான். எதிரியின் நண்பர் பின்னால் வந்தபோது இவனிடம் இரண்டு பக்கமும் சுத்தமாகக் காலி. ஓடவும் முடியவில்லை, சுடவும் முடியவில்லை. ஷீல்டும் இல்லாத விமானம் அந்த நிலையில் மூன்று நொடி தாங்கினாலே பெரிய விஷயம். அவனுடைய ஒன்பது சாவில் குறைந்தது ஐந்து இப்படி வந்தவைதான்.

நான் வைத்திருக்கும் பழக்கம் இது. தாக்கப் போகும்போது லேசர் நிறைந்திருக்க வேண்டும். பாதிக்கு மேல் செலவானால், குறி கண்ணெதிரே இருந்தாலும் விட்டுவிடுவேன். மிச்சமிருப்பதை பூஸ்ட்டாக்கி வெளியேறுவேன். இன்னும் இரண்டு குண்டு போட்டால் விழுந்துவிடுவானே என்று கை துடிக்கும். அந்த இரண்டு குண்டுக்கு ஆசைப்பட்டு நான் இழந்த விமானங்கள் நிறைய. லேசரில் மிச்சம் வைப்பதைக் கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள், இந்த விமானத்தின் ஷீல்டே அதுதான்.

பூஸ்ட் கைவசம் இருந்தால் டிரிஃப்ட்டும் கிடைக்கும். பூஸ்ட்டில் பாய்ந்துகொண்டிருக்கும்போதே அதை வெட்டி மூக்கைத் திருப்பினால், விமானம் பழைய திசையிலேயே வழுக்கிக்கொண்டு போகும், முகம் மட்டும் வேறு பக்கம் பார்க்கும். ஒகேனக்கல்லில் பரிசல் போவதைப் பார்த்திருப்பீர்கள். ஆறு ஒரு பக்கம் இழுக்க, பரிசல் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு போகும். பரிசலை ஆற்றின் போக்குக்கு விட்டு, துடுப்பை எங்கே போடுவது என்பதை மட்டும்தான் பரிசல்காரர் முடிவு செய்கிறார். டிரிஃப்ட்டும் அப்படித்தான். ஒரே ஒரு எச்சரிக்கை: வழுக்கி நிற்கும் கணத்தில் வேகம் குறைந்துபோகும். சுற்றிலும் இரண்டு மூன்று எதிரிகள் இருக்கும் இடத்தில் அழகுக்காக டிரிஃப்ட் போட்டால் நின்ற இடத்திலேயே சுட்டுவிடுவார்கள்.

காக்பிட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த விளையாட்டில் விமானத்துக்கு வெளியிலிருந்து பார்க்கும் வசதி கிடையாது. ஏ-விங்கில் உட்கார்ந்தால் கண்ணாடிக் கூரை வழியாக நாலா பக்கமும் தெரியும். டையில் முன்னால் ஒரு வட்ட ஜன்னல்தான், பக்கவாட்டில் சுவர். பக்கத்தில் யார் வருகிறார் என்பதை ரேடாரிலும் காதிலும்தான் பிடிக்க வேண்டும். எனவே ஹெட்போன் இல்லாமல் இன்டர்செப்டர் ஓட்டாதீர்கள்.

காது எதிரிக்கும் உண்டு. டை விமானத்தின் அந்த அலறல், 1977இல் வந்த முதல் படத்துக்காக யானையின் பிளிறலையும் ஈரச் சாலையில் கார் ஓடும் சத்தத்தையும் கலந்து உருவாக்கியது. எங்கள் மாவட்டத்தில் காட்டோரம் ராகிக் கொல்லைக்குக் காவல் இருப்பவர்களுக்கு, இருட்டில் அந்தப் பிளிறல் கேட்டால் உடம்பு எப்படிச் சில்லிடும் என்று தெரியும். எக்ஸ்-விங்கில் இருக்கும்போது தலைக்கு மேல் டை கடந்தால் எனக்கும் அப்படித்தான். ஆகவே குறி வைத்தவரின் மூக்குக்கு முன்னால் ஒரு சுற்று போய்விட்டுத் திரும்பி வந்து சுடலாம் என்று நினைக்காதீர்கள். நீங்கள் வந்தது அவருக்குத் தெரிந்துவிடும்.

ஏவுகணை விஷயம் எளிது. எதிரியின் ஏவுகணை நம்மைக் குறியாகப் பிடிக்கிறது, அதாவது லாக் ஆகிறது என்று எச்சரிக்கை வந்ததுமே, ஏவுகணையைத் திசைதிருப்பும் தடுப்பைப் பதற்றத்தில் வீசிவிடுகிறோம். கையிருப்போ கொஞ்சம்தான். ஏவுகணை உண்மையில் கிளம்பிய பிறகு வீசுங்கள். அதுவரை ஏதாவது பாறைக்கோ கப்பலுக்கோ பின்னால் மறைந்தால் பல நேரம் லாக்கே அறுந்துவிடும்.

இரண்டு அணிகளின் பெரிய கப்பல்களும் மோதும் ஃப்ளீட் பேட்டில்ஸ் ஆட்டத்தில் பெரிய கப்பலைச் சுடப் போகாதீர்கள், அது குண்டுவீச்சு விமானமான பாம்பருடைய வேலை. அடிபட்டு ஓடும் ஒருவரைத் துரத்திக்கொண்டு அவர்களுடைய தாய்க்கப்பலின் பீரங்கிகளுக்குள்ளும் நுழையாதீர்கள். கணினி ஓட்டும் சிறு விமானங்களைப் பலர் கண்டுகொள்வதில்லை. அவற்றை வீழ்த்தினாலும், எந்த அணியின் கை ஓங்கியிருக்கிறது என்று காட்டும் மனவுறுதிப் பட்டை உங்கள் பக்கம் நகரும், முன்னேறும் வாய்ப்பும் உங்கள் அணிக்கு வரும். வேகமான விமானம் கையில் இருப்பவர் செய்ய வேண்டிய வேலை அது.

மாமா பையனை அன்று மறுபடி ஆன்லைனில் விடவில்லை. பயிற்சிப் பகுதியில் உட்கார வைத்தேன். பாதி லேசர் சுடு, பூஸ்ட்டாக மாற்று, வெளியே போ, பாதி வேகத்தில் திரும்பு. இதை மட்டும் அரை மணி நேரம். சலித்துக்கொண்டேதான் செய்தான். சாயங்காலம் ஆடிய முதல் ஆட்டத்தில் மூன்று முறை செத்தான். ஒவ்வொரு முறையும் எதனால் செத்தோம் என்று அவனே சொன்னான்.